தொலைதூரக் கேலக்ஸிக் கொத்துகள்: எந்த எக்ஸ்-கதிர் தரவை எடுப்பது?

எம்.எஸ்சி. இறுதியாண்டு ஆய்வுக்குக் கேலக்ஸிக் கொத்துகளை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "சந்திரா தரவை எடுக்கவா, எக்ஸ்எம்எம்-நியூட்டனா, இல்லை புதிதாக வந்திருக்கும் ஈரோசிட்டாவா?" இவை மூன்றும் வானத்தை எக்ஸ்-கதிரில் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிகள். மூன்றின் தரவும் இலவசம். அவற்றை அலசும் மென்பொருளும் இலவசம். ஒரு லேப்டாப்பும் சுமாரான இணைய வசதியும் போதும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் நான்கு மாதம் கழிந்த பிறகு, கேட்ட கேள்விக்கு அந்தத் தரவில் விடையே கிடையாது என்று தெரியவருகிறது. அந்த நிலையில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எதைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. ஆனால் அந்தக் கேலக்ஸிகளின் விண்மீன்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும், அவற்றுக்கு நடுவே பரவியிருக்கும் வாயுவின் நிறை அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வாயு 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை கொதிக்கிறது, எக்ஸ்-கதிரில் ஒளிர்கிறது. சாதாரண ஒளியில் தேடினால் ஒரே திசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் கேலக்ஸிகள்கூடக் கொத்துபோலத் தெரிந்து ஏமாற்றும். எக்ஸ்-கதிரில் அந்த ஏமாற்று குறைவு. அவ்வளவு சூடான வாயு சிதறாமல் நிற்கிறது என்றால், அதைப் பிடித்துவைக்கும் ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அங்கே இருந்தாக வேண்டும். 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோர மேடையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள்தான், கொத்துகளின் எக்ஸ்-கதிர் ஒரு புள்ளியிலிருந்து அல்ல, பரந்த ஒரு மேகத்திலிருந்து வருகிறது என்று காட்டியது.

தூரம் கூடும்போது சிக்கல் தொடங்குகிறது. பரந்த ஒளியின் பிரகாசம், செந்நகர்ச்சியோடு (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டுபோகும் அளவு; தூரம் கூடக் கூட இதுவும் கூடும்) ஒன்றைக் கூட்டி அதன் நான்காம் அடுக்கு அளவுக்கு மங்குகிறது. செந்நகர்ச்சி 1 என்றால் 16 மடங்கு, 2 என்றால் 81 மடங்கு. உருவம் மட்டும் அதற்குமேல் அவ்வளவாகச் சிறுப்பதில்லை. செந்நகர்ச்சி 1-லும் சரி, 2-லும் சரி, ஒரு வில்வினாடி (டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு; 60 சேர்ந்தால் ஒரு வில்நிமிடம்) என்பது அங்கே ஏறத்தாழ 8 கிலோபார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). பத்து லட்சம் பார்செக் அகலமுள்ள கொத்து வானத்தில் இரண்டு வில்நிமிடம் அகலத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதன் நடுக்கரு மட்டும் பத்துப் பன்னிரண்டு வில்வினாடி இருக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணிக்கை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். என் கைக்கணக்கு இது: ஒரு கொத்து இருக்கிறது என்று சொல்ல 50 முதல் 100 ஃபோட்டான், ஒட்டுமொத்த வெப்பநிலையை நம்பிச் சொல்ல ஆயிரம், மையத்திலிருந்து விளிம்புவரை வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று வரைய பல ஆயிரம்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். செந்நகர்ச்சி 1-க்கு அப்பால் உள்ள ஒரு கொத்திலிருந்து, 0.5 முதல் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றல் பட்டையில், சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 2×10⁻¹⁴ எர்க் ஆற்றல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரக் கொத்துகளுக்கு இது சாதாரணமான அளவு. எக்ஸ்எம்எம்-நியூட்டன் அதை 50,000 வினாடி பார்த்து, கெட்டுப்போன நேரத்தைக் கழித்தால், மூன்று கேமராக்களிலும் சேர்த்துத் தோராயமாக 700 ஃபோட்டான் கிடைக்கும். அதே 50,000 வினாடி சந்திரா தன் ஆரம்ப ஆண்டுகளில் பார்த்திருந்தால் 150 முதல் 200. ஈரோசிட்டாவின் முதல் வான்சுற்றில் (வானம் முழுவதையும் ஒருமுறை வருடியதில்) அந்த இடம் சராசரி அளவு நேரம் பெற்றிருந்தால் மூன்றோ நான்கோ ஃபோட்டான்தான். ஒரே கொத்துதான். ஆனால் மூன்று தரவுகளையும் வைத்துக் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு வேறு.

அடுத்தது கூர்மை. தூரத்தில் கேலக்ஸி மையங்களில் வாயுவை விழுங்கி ஒளிரும் கருந்துளைகள் அதிகம், அவையும் எக்ஸ்-கதிரைத்தான் உமிழ்கின்றன, படத்தில் புள்ளிகளாகத் தெரிகின்றன. அவற்றைக் கொத்தின் வாயுவிலிருந்து பிரித்தெடுக்காவிட்டால் வெப்பநிலை, நிறை எல்லாமே தவறாகும். அப்புறம் பின்னணி இரைச்சல், ஒரே தடவையில் பார்க்கும் வானப் பரப்பு, தரவைச் சுத்தம் செய்ய உங்களுக்கு ஆகும் வாரங்கள். கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மாதத் திட்டத்தில் அதுதான் பாதி.

| | எக்ஸ்எம்எம்-நியூட்டன் | சந்திரா | ஈரோசிட்டா முதல் வெளியீடு |
|---|---|---|---|
| ஏவப்பட்டது | 1999 டிசம்பர் | 1999 ஜூலை | 2019 ஜூலை |
| கூர்மை | சுமார் 15 வில்வினாடி | சுமார் 0.5 வில்வினாடி | 30 வில்வினாடிக்குச் சற்றுக் குறைவு |
| ஒரே பார்வையில் பரப்பு | 30 வில்நிமிடம் அகலம் | 17 வில்நிமிடச் சதுரம் | சுமார் 1 டிகிரி அகலம்; வெளியீட்டில் பாதி வானம் |
| மேலே சொன்ன கொத்தில் ஃபோட்டான் | சுமார் 700 | 150–200 | 3–4 |
| மறைந்திருக்கும் செலவு | புரோட்டான் வீச்சு, கலந்துபோகும் புள்ளிகள் | குறைந்த ஆற்றலில் மங்கல், சிறிய பரப்பு | மிகக் குறைந்த நேரம் |
| எதற்குச் சரி | வெப்பநிலை, இரும்பு, புதுத் தேடல் | நடுக்கரு, மோதல், புள்ளிகளைக் கழித்தல் | எண்ணிக்கை, புள்ளிவிவரம் |

## எக்ஸ்எம்எம்-நியூட்டன்: ஃபோட்டான் வேண்டுமென்றால்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இந்தத் தொலைநோக்கியில் மூன்று குழாய்கள். ஒவ்வொன்றிலும் 58 மெல்லிய ஆடிகள், வெங்காயச் சருகுபோல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெல்லிசாக இருப்பதால் நிறைய அடுக்க முடிந்தது, நிறைய ஒளியைப் பிடிக்க முடிகிறது. அதே மெல்லிசுதான் கூர்மையைக் குறைத்துவிட்டது.

தூரக் கொத்துகளைத் தேடிப் பிடித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வேறு எதையோ பார்க்க எடுத்த படங்களின் ஓரத்தில் பரந்த மங்கல் ஏதாவது தெரிகிறதா என்று ஆயிரக்கணக்கான பழைய படங்களைச் சலித்தார்கள். 2005-ல் செந்நகர்ச்சி 1.39-ல் ஒரு கொத்து, 2006-ல் 1.46-ல் ஒன்று என்று வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்எல்எஸ்எஸ்சி 122. எக்ஸ்எம்எம்மின் ஒரு பரந்த வான் கணக்கெடுப்பில் வெறும் மங்கலாகத் தெரிந்தது அது. பிறகு ஏறத்தாழ 1,00,000 வினாடி அதையே பார்த்தபோது, எக்ஸ்-கதிர் நிறமாலையிலேயே இரும்பின் கோடு தெரிந்தது. வழக்கமாக 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் கோடு, செந்நகர்ச்சி 2-ஐ ஒட்டி இருப்பதால், 2.2-க்கு இறங்கி வந்திருந்தது. கேலக்ஸிகளின் நிறமாலை கைக்கு வருமுன்பே, வாயுவிலிருந்தே தூரம் தெரிந்துவிட்டது! 2020-ல் ஹபிள் 37 உறுப்புக் கேலக்ஸிகளை அளந்து 1.98 என்று உறுதி செய்தது. 1,040 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியில் இரும்பு. அண்டம் இளமையாக இருந்த காலத்திலேயே விண்மீன்கள் வெடித்து, அந்த வாயுவில் இரும்பைக் கலந்து முடித்திருந்தன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

சரி, செலவுக்கு வருவோம். முதலாவது, புரோட்டான் வீச்சு. பூமியின் காந்தப்புலத்தில் அலையும் குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் ஆடி வழியாகவே உள்ளே வந்து, படத்தைச் சில மணி நேரத்துக்கு வெளுத்துவிடும். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போவது சாதாரணம். பழைய தரவுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஆவணத்தில் 50,000 வினாடி என்று போட்டிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதலில் நேர வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். முள்முள்ளாக எழும்பியிருக்கும் பகுதிகளை வெட்டிய பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கையில் இருக்கும் பணம்.

இரண்டாவது, கருவியே உமிழும் கோடுகள். அலுமினியத்தின் கோடு 1.49 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், சிலிக்கானுடையது 1.74-லும் வந்து நிற்கும். மங்கலான கொத்தில் இரும்புக் கோட்டைத் தேடும் ஆர்வத்தில் இவற்றைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்துவிட இடம் உண்டு.

மூன்றாவதுதான் பெரியது. 15 வில்வினாடிக் கூர்மை என்றால், நடுக்கருவும் அதன் பக்கத்துக் கருந்துளையும் ஒரே திட்டாகத் தெரியும். மேலே சொன்ன செந்நகர்ச்சி 1.46 கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எம் தரவை மட்டும் வைத்து முதலில் அதன் வெப்பநிலை 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் என்று வந்தது (வெப்பநிலையையும் இந்த ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்; 1 என்றால் சுமார் 1.16 கோடி டிகிரி). பிறகு சந்திரா அதைப் பார்த்தபோது உள்ளே புள்ளிகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றைக் கழித்துப் பார்த்தால் சுமார் 4. வெப்பநிலை இவ்வளவு இறங்கினால், அதிலிருந்து கணக்கிடும் நிறை பாதிக்கும் கீழே போய்விடும்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஒரு எக்ஸ்எம்எம் படத்தில் நீள்வட்டமாக ஒரு மங்கலைக் கண்டேன். மென்பொருளும் அதைப் பரந்த மூலம் என்றே சொன்னது. ஐந்து வாரம் நிறமாலையோடு மல்லுக்கட்டினேன். வெப்பநிலை ஒவ்வொரு முறையும் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்தே வந்தது. பிறகு அதே இடத்தின் பழைய சந்திரா படம் ஒன்று ஆவணத்தில் கிடப்பதைப் பார்த்துத் திறந்தேன். கோடு போட்டாற்போல மூன்று புள்ளிகள். நடுவில் கறுப்பு. வாயு எதுவும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கொத்தானாலும் முதலில் அந்த இடத்தில் சந்திரா பார்த்திருக்கிறதா என்றுதான் தேடுவேன்.

வெப்பநிலை, இரும்பின் அளவு, மொத்த நிறை இவைதான் உங்கள் கேள்வி என்றால் எக்ஸ்எம்எம்தான். பழைய படங்களிலிருந்து புதுக் கொத்து தேட ஆசையென்றாலும் இதுதான். கொத்துக்குள் என்ன நடக்கிறது என்பது கேள்வியென்றால் இது மட்டும் போதாது.

## சந்திரா: கூர்மை வேண்டுமென்றால்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. இதில் நான்கு ஜோடி ஆடிகள் மட்டுமே. கனமான கண்ணாடி, அசாத்தியமான மெருகு. அதனால்தான் அரை வில்வினாடிக் கூர்மை கிடைக்கிறது. இன்றுவரை எக்ஸ்-கதிரில் இதற்கு இணை கிடையாது.

செந்நகர்ச்சி 1-ல் இருக்கும் கொத்தின் பன்னிரண்டு வில்வினாடி நடுக்கருவை எக்ஸ்எம்எம்மில் பார்த்தால் ஒரே திட்டு. சந்திராவில் பார்த்தால் அதன் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி அடிகள் வைக்கலாம். மையம் கூர்ந்து குளிர்ந்திருக்கிறதா, இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு ஒதுங்கிக் கிடக்கிறதா, கருந்துளை ஊதிய குமிழி உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் இது ஒன்றுதான் வழி. இதன் பின்னணி இரைச்சலும் மிகக் குறைவு. நூறு ஃபோட்டான்தான் வந்தது என்றாலும் அந்த நூறும் கொத்தினுடையவை என்று துணிந்து சொல்லலாம். 2016-ல் அறிவிக்கப்பட்ட செந்நகர்ச்சி 2.506 கொத்து இப்படித்தான், ஆழமான சந்திரா தரவில் வாயுவின் மெல்லிய ஒளிர்வாக அகப்பட்டது.

மிகத் தொலைவில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ரேடியோ கேலக்ஸி பீய்ச்சும் எலக்ட்ரான்கள் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் (பெருவெடிப்பின் மிச்சமாக வானம் முழுக்கப் பரவியிருக்கும் மைக்ரோ அலை) மோதி, அதை எக்ஸ்-கதிராக உயர்த்திவிடும். பின்னணிக் கதிர்வீச்சின் அடர்த்தியும் செந்நகர்ச்சியோடு நான்காம் அடுக்கில் ஏறுவதால், இந்தப் போலி ஒளிர்வு மட்டும் தூரத்தில் மங்குவதே இல்லை. உண்மையான வாயு மங்கிக் கிடக்க, போலி பளிச்சென்று நிற்கும். செந்நகர்ச்சி 2.16-ல் இருக்கும் சிலந்திவலைக் கேலக்ஸியைச் சுற்றி எது வாயு, எது பீய்ச்சல், எது கருந்துளை என்று பிரிக்கச் சந்திரா 7,00,000 வினாடி செலவிட வேண்டியிருந்தது.

சந்திராவின் செலவுகளில் மாணவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கேமராவின் வடிகட்டியில் ஆண்டுக்கணக்காக ஒரு படலம் படிந்துவருகிறது. அது குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை விழுங்குகிறது. தூரக் கொத்துகளின் ஒளி செந்நகர்ச்சியால் குறைந்த ஆற்றலுக்குத்தானே இறங்கி வருகிறது? ஆக, அடி விழுவது நமக்கு. ஆவணத்தில் ஒரே கொத்துக்கு 2002-ல் எடுத்த படமும் 2020-ல் எடுத்த படமும் இருந்தால், நேரம் ஒன்றாகவே இருந்தாலும், பழையதில்தான் ஃபோட்டான் அதிகம் இருக்கும். புதியதுதான் நல்லது என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இன்னொன்று, அரை வில்வினாடி என்பது படத்தின் நடுவில் மட்டும். பத்து வில்நிமிடம் தள்ளிப் போனால் புள்ளி பல வில்வினாடிக்கு அகன்றுவிடும். ஓரத்தில் கிடக்கும் கொத்துக்குச் சந்திரா இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது.

## ஈரோசிட்டா: எண்ணிக்கை வேண்டுமென்றால்

ஜெர்மனி செய்து, ரஷ்யச் செயற்கைக்கோளில் ஏற்றிய கருவி இது. 2024 ஜனவரி 31-ல் வெளியான முதல் தொகுப்பு ஆறு மாத வான்சுற்று ஒன்றின் தரவு, வானத்தின் ஜெர்மன் பங்கான பாதி. ஏறத்தாழ 9 லட்சம் மூலங்கள், அவற்றில் உறுதி செய்யப்பட்ட கொத்துகள் 12,247. அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவை இதற்குமுன் அறியப்படாதவை. படிக்கும்போதே கை பரபரக்கும்.

ஆனால் தொலைதூரம்தான் உங்கள் தலைப்பு என்றால் நிதானியுங்கள். வானத்தின் பெரும்பாலான இடங்கள் சில நூறு வினாடிதான் பார்க்கப்பட்டிருக்கின்றன. பட்டியலின் எல்லை செந்நகர்ச்சி 1.3 வரை எட்டினாலும், அண்டவியல் கணக்குக்கு அந்தக் குழுவே எடுத்துக்கொண்டது 5,259 கொத்துகளை, அதுவும் 0.1 முதல் 0.8 வரை இருப்பவற்றை மட்டும். தனியொரு தூரக் கொத்தின் வெப்பநிலையை இதிலிருந்து எடுக்க முயல்வது வீண். 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாளில், கருவியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவரை நான்கு முழுச் சுற்று முடிந்திருந்தது.

இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. நடுக்கரு மிகப் பிரகாசமாக இருக்கும் கொத்துகளை இப்படிப்பட்ட தொலைநோக்கி வெறும் புள்ளி என்று நினைத்துவிடும். ஃபீனிக்ஸ் கொத்துக்கு நேர்ந்தது அதுதான். 1990-களின் ரோசாட் எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளின் வான்சுற்றிலேயே அது பதிவாகியிருந்தும் யாரும் கொத்தென்று அடையாளம் காணவில்லை. மைக்ரோ அலையில் பார்க்கும் தென்துருவத் தொலைநோக்கிதான் பிறகு அதைக் காட்டிக்கொடுத்தது. ஈரோசிட்டாவின் புள்ளிப் பட்டியலிலும் இப்படி ஒளிந்திருப்பவை உண்டு. அகச்சிவப்புப் படங்களோடு ஒப்பிட்டு அவற்றைத் தேடுவது, நிரல் எழுதத் தெரிந்த மாணவருக்குச் சரியான திட்டம்.

## நிழலில் தொடங்கி எக்ஸ்-கதிருக்கு வருவது

நான்காவது வழி ஒன்று உண்டு. என் வாக்கு இதற்குத்தான். கொத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை எக்ஸ்-கதிரிடம் கொடுக்காமல், மைக்ரோ அலையிடம் விட்டுவிடுவது.

கொத்தின் சூடான எலக்ட்ரான்கள் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைத் தட்டி உயர்த்துவதால், 217 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த இடத்தில் ஒரு மெல்லிய நிழல் விழும். சுன்யாயெவ்-செல்டோவிச் விளைவு என்று பெயர். இந்த நிழல் தூரத்தால் மங்குவதில்லை. செந்நகர்ச்சி 0.3-ல் எவ்வளவு ஆழமோ, அதே கொத்தை 1.3-ல் வைத்தாலும் ஏறத்தாழ அவ்வளவே. எக்ஸ்-கதிரில் நம்மைப் படுத்தும் நான்காம் அடுக்குத் தொல்லை இங்கே இல்லவே இல்லை. சிலி நாட்டில் இருந்த அட்டகாமா தொலைநோக்கி இப்படிப் பிடித்ததுதான் செந்நகர்ச்சி 0.87-ல் இருக்கும் எல் கோர்டோ. ஸ்பானிய மொழியில் 'குண்டன்' என்று பொருள், பெயருக்கேற்ற நிறை.

இதற்கும் செலவு இருக்கிறது. கனமான கொத்துகள் மட்டுமே வலையில் விழும். எக்ஸ்எல்எஸ்எஸ்சி 122 போன்ற இலேசானதை எக்ஸ்-கதிர்தான் முதலில் கண்டது, நிழல் பிறகுதான் அளக்கப்பட்டது. நிழலின் கூர்மையும் ஒரு வில்நிமிட அளவில்தான் இருக்கும். நடுவே ரேடியோ மூலம் ஒன்று இருந்தால் நிழலை அது நிரப்பிவிடும்.

ஆனால் பட்டியல்கள் வெளியாகிவிட்டன, தூரங்களும் அளந்தாகிவிட்டது. தென்துருவப் பட்டியலின் 80-க்கும் மேற்பட்ட கொத்துகளைச் சந்திரா ஏற்கெனவே பார்த்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,000 ஃபோட்டான் கிடைக்கும்படி திட்டமிட்டு. இந்தச் சொத்து ஆவணத்தில் திறந்தே கிடக்கிறது.

## ஆஸ்ட்ரோசாட்டில் பார்க்க முடியாதா?

நம் நாட்டுக் கருவி என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதன் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் கூர்மை சுமார் இரண்டு வில்நிமிடம். நம் தூரக் கொத்தின் முழு அகலமும் அவ்வளவேதான். அருகிலிருக்கும் பிரகாசமான கொத்துகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். செந்நகர்ச்சி 1-க்கு அப்பால் போக அது செய்யப்படவில்லை.

## ஆறு மாதமே கையில் இருந்தால்

புதுக் கொத்து கண்டுபிடிக்கும் கனவை முனைவர் பட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். தென்துருவப் பட்டியலிலிருந்து செந்நகர்ச்சி 0.6-க்கு மேல் உள்ளவற்றில், சந்திரா, எக்ஸ்எம்எம் இரண்டும் பார்த்த ஒரு கொத்தைத் தேர்ந்தெடுங்கள். நாசாவின் ஹீசார்க் ஆவணத்தில் ஆயத்தொலைவுகளைக் கொடுத்தால் யார் எப்போது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற பட்டியல் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அங்கேயே இருக்கும் ஃபோட்டான் கணக்குக் கருவியில் கொத்தின் ஒளிர்வையும் வெப்பநிலையையும் போட்டு வினாடிக்கு எத்தனை என்று எடுத்து, நேரத்தால் பெருக்குங்கள். எக்ஸ்எம்எம் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். 500-க்குக் கீழே வந்தால் அந்தக் கொத்து வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் முதலில் லினக்ஸ் சூழலை நிறுவுங்கள். மென்பொருள் நிறுவவே ஒரு வாரம் ஒதுக்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு இரண்டு படங்களையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, சந்திராவில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் வட்டமிட்டு, அந்த வட்டங்களை அப்படியே எக்ஸ்எம்எம் படத்தின்மேல் ஏற்றுங்கள். எக்ஸ்எம்எம்மின் அகலத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வட்டத்தையும் 15 வில்வினாடிக்குப் பெரிதாக்கி, அந்த இடங்களை வெட்டி எடுங்கள். மிஞ்சியிருக்கும் மங்கலிலிருந்து நிறமாலையை எடுக்கத் தொடங்கலாம்.